செக் பாஷைல வந்த பேப்பர் மெஷின் மேனுவல், இங்கிலீஷ்ல மாத்த விஷயம் தெரிஞ்ச ஆள் எங்க கெடைக்கும்?

உடுமலை_க்ராஃப்ட்:

எல்லாருக்கும் வணக்கங்க. உடுமலை பக்கம் நம்ம மில்லு, வேஸ்ட் பேப்பர் போட்டு க்ராஃப்ட்னு பழுப்புப் பேப்பர் ஓட்றோம். போன வருசம் செக் நாட்டுல மூடிப்போன ஒரு மில்லுல இருந்து, ஈரப் பேப்பர நீராவி சிலிண்டர்ல காய வைக்கற ட்ரையர் செக்‌ஷனும் சைஸ் பிரஸ்ஸும் (பேப்பர் மேல கஞ்சிப் பசை ஏத்தற ரோல் ஜோடி) செகண்ட் ஹேண்ட்ல எடுத்தோம், நம்ம பக்கம் எல்லாரும் பண்றதுதான். சாமான் எல்லாம் தூத்துக்குடில எறங்கி வந்து ஷெட்ல கெடக்கு. கூடவே பதினோரு பாக்ஸ் ஃபைல் வந்துச்சு. ஸ்கேன் பண்ணிப் பாத்தா 640 பக்கம், அத்தனையும் செக்கு. விக்கும்போது "ஃபுல் டாக்குமெண்டேஷன் இருக்கு"ன்னு சொன்னாங்க, இருக்குதான், பொய் சொல்லல, எந்த பாஷைல இருக்குன்னு நாமதான் கேக்காம விட்டோம்.

மொதலாளி கூகுள்ல போடுன்னாரு. போட்டேன். சைஸ் பிரஸ்ஸுக்கு "க்ளூயிங் பிரஸ்"னு வருது, சரி அது எப்படியோ புரிஞ்சிருச்சு. இன்னொரு எடத்துல "ஃபேப்ரிக் டென்சிட்டி 0,6"ன்னு சதவீதத்துல போட்டிருக்கு, எங்க ஃபோர்மேன் அது கூழுல தண்ணி வடியற வலையான ஃபார்மிங் ஃபேப்ரிக்கைத்தான் (வயர்னும் சொல்லுவோம்) சொல்லுதுன்னு வயர் கம்பெனிக்கே போன் போட்டுட்டாரு, அவங்க சதவீதத்துல எப்படிங்க டென்சிட்டி வரும்னு சிரிக்கறாங்க. அப்பறம் ட்ரையர் சிலிண்டர் ஒவ்வொண்ணுக்கும் "பாஸ்போர்ட்"னு ஒரு கட்டு பேப்பர். அக்கவுண்ட்ஸ்ல இருக்கற பொண்ணு, யாரோட பாஸ்போர்ட்டுங்க சார் இது, போட்டோவே ஒட்டலையேங்குது.

ஒரு ட்ரான்ஸ்லேஷன் ஏஜென்சியக் கேட்டேன், எல்லா லாங்வேஜும் பண்றோம் சார்னு அஞ்சு நிமிசத்துல கொட்டேஷன் அனுப்பிட்டாங்க. ரெண்டு பக்கம் சாம்பிள் வாங்கிப் பாத்தா "மில் நம்பர் 2 டிஸ்க்கை மாத்தவும்"னு வந்திருக்கு. நமக்கு இருக்கறதே ஒரு மில்லுதானுங்க.

ட்ரையர் ப்ரெஷர் விசயம், காம்பிடன்ட் பர்சன் (அரசாங்கம் அங்கீகரிச்ச சோதனைக்காரர்) வந்து பாத்து சர்டிஃபிகேட் குடுக்கணும், அவரு ஒரிஜினல் டிசைன் ப்ரெஷர் எங்க எழுதியிருக்குன்னு கேக்கறாரு. தை மாசத்துக்குள்ள ஓட்டணும். செக்குல இருந்து இங்கிலீஷுக்கு, அதுவும் பேப்பர் லைன் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா, எங்க தேடறது, எவ்வளவு கேப்பாங்க, சரியாப் பண்றாங்களான்னு செக்கு தெரியாத நாம எப்படிக் கண்டுபுடிக்கறது?

சும்மா_எட்டிப்பாத்தேன்:

ப்ரோ டீப்எல் போடுங்க, கூகுள விட சூப்பரா வரும், 2021லயே செக் சேத்துட்டாங்க. இல்ல ஏஐ கிட்ட பிடிஎஃப்ப குடுத்தா அதுவே பண்ணிடும். 640 பக்கத்துக்கு எதுக்கு மனுசனுக்குக் காசு.

பழைய_ஷிஃப்ட்_இன்சார்ஜ்:

தம்பி எட்டிப்பாத்தவரே, எட்டிப்பாத்ததோட நிறுத்திக்குங்க. ட்ரையருக்குள்ள நீராவி இருக்கு.

நான் முப்பது வருசத்துக்கு மேல மெஷின்ல நின்னவன், காவிரிக்கரைப் பக்கம். இப்ப ரிட்டயர்டு. நான் வேலை பாத்த ஒரு மில்லுல (பேரு வேண்டாம்) இதே மாதிரி யூரோப்புல இருந்து பழைய ட்ரையர் வந்துச்சு. அவங்க ஊர்ல புள்ளி வைக்கற எடத்துல கமா வைப்பான். 0,35 மெகாபாஸ்கல்னு இருந்தது, ஸ்கேன் மங்கலா இருந்ததால டைப் அடிச்சவன் கமாவ விட்டுட்டு 035ன்னு அடிச்சுட்டான், அதை சரி பாத்தவன் என்னடா இது சைபர் முன்னாடி நிக்குதுன்னு 3.5ன்னு "திருத்திட்டான்". 0.35 மெகாபாஸ்கல்னா நம்ம கணக்குல சதுர சென்டிமீட்டருக்கு மூணரை கிலோ சொச்சம், 3.5னா முப்பத்தஞ்சு கிலோ. சேஃப்டி வால்வு செய்யறவன் ஏன் சார் இது ட்ரையரா பாய்லரான்னு கேட்டான், அதனால தப்பிச்சோம். வார்ப்பிரும்பு சிலிண்டர் அது, பிளந்தா பக்கத்துல நிக்கறவன் மிஞ்ச மாட்டான். இங்க மொழிபெயர்த்தது ஒருத்தன், டைப் அடிச்சது ஒருத்தன், சரி பாத்தது இன்னொருத்தன், மூணு பேரும் நல்லவங்கதான், ஒருத்தன் கூட ட்ரையரப் பாத்ததில்ல.

அதனால உடுமலைத் தம்பி, மொதல்ல 640 பக்கத்தையும் குடுக்கணுங்கற எண்ணத்த விடுங்க. நீங்க வாங்கினது ட்ரையரும் சைஸ் பிரஸ்ஸும், ஃபைல் வந்தது முழு மெஷினுக்கும். ஹெட் பாக்ஸ், வயர் பார்ட், பிரஸ் பார்ட் இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? பல்ப்பர், ரீஃபைனர்னு கூழ் கரைச்சு அரைக்கற மெஷின் பக்கமெல்லாம் எடுத்து ஓரமா வைங்க. படத்தப் பாத்தே பிரிச்சுடலாம், அதுக்கு பாஷை வேண்டாம், ஒரு நாள் உக்காந்தா போதும். மிஞ்சினதுல மொத வேலை அந்த பாஸ்போர்ட்டுதான். அது சிலிண்டரோட ஜாதகம். அதுல நம்பர் இருக்கும், அதே நம்பர் சிலிண்டர் முகப்புத் தகட்டுலயோ வார்ப்புலயோ குத்தியிருப்பான், பெயிண்ட சுரண்டிப் பாருங்க. நம்பர் ஒத்துப்போகாத சிலிண்டருக்கு எவ்வளவு நல்லா ட்ரான்ஸ்லேட் பண்ணினாலும் அந்தப் பேப்பர் செல்லாது.

இன்னொண்ணு, பார்ட்ஸ் லிஸ்ட்ல 11 373, 12 050, 17 240ன்னு அஞ்சு இலக்க நம்பரா வரும் பாருங்க, அது ஸ்பேர் நம்பர்னு நெனச்சுடாதீங்க. செக்கோஸ்லோவாகியா காலத்து ஸ்டீல் நம்பர் அது. 12 050ன்னா நம்ம லேத்துக்காரங்க சொல்ற ஈஎன்8 மாதிரி கார்பன் ஸ்டீல், 17 240ன்னா 304 ஸ்டெயின்லெஸ். 42ல ஆரம்பிச்சு ஆறு இலக்கம் வந்தா பெரும்பாலும் வார்ப்பு. மொழிபெயர்க்கறவன் இத அப்படியே விட்டுத்தான் வைப்பான், விடணும்தான், நாமதான் தெரிஞ்சு வச்சுக்கணும்.

உடுமலை_க்ராஃப்ட்:

ஐயா ரொம்ப நன்றிங்க. பிரிச்சா பாதிக்கு மேல போயிருங்க போல. அந்த 17 240ஐ நெசமாவே ஸ்பேர் நம்பர்னு நெனச்சு எக்செல்ல ஏத்தி வச்சிருந்தேன்.

பிர்னோல_இருந்து:

வணக்கம், நான் ஏழு வருஷமா செக் நாட்டு பிர்னோல இருக்கேன், ஐடி வேலைதான், பேப்பர் பத்தி ஒண்ணும் தெரியாது ஆனா செக் ஓரளவு படிக்க வரும். உங்க கேள்விய என் கூட வேலை பாக்கற ஒரு செக் நண்பர்கிட்ட காட்டினேன், அவரோட அப்பா பேப்பர் மில்லுல இருந்தவராம், விழுந்து விழுந்து சிரிச்சார். ஏன்னா நீங்க மாட்டின ஒவ்வொரு வார்த்தையும் செக்குல வீட்டுல புழங்கற வார்த்தை. "லாட்கா"ன்னா துணி, அதே லாட்கா பேப்பர் மில்லுல ஸ்டாக், அதாவது கூழ். உங்க "ஃபேப்ரிக் டென்சிட்டி" ஸ்டாக் கன்சிஸ்டென்சிதான், அதாவது கூழுல எத்தன சதவீதம் நார்ங்கறது. "ம்லீன்"னா மாவு மில்லு, பேப்பர்ல ரீஃபைனர். ஸோ உங்க "மில் நம்பர் 2" ரெண்டாவது ரீஃபைனர். "ரெவிஸே"ன்னு வர்றத ரிவிஷன்னு போட்டிருப்பான், அது இன்ஸ்பெக்‌ஷன், அந்த ரிப்போர்ட்டத்தான் உங்க காம்பிடன்ட் பர்சன் தேடறார்னு நெனைக்கறேன். ப்ரெஷர் பக்கத்துல "பர்ஷெட்லாக்"னு இருந்தா கேஜ் ப்ரெஷர்னு அர்த்தம், அதாவது வெளிக் காத்தழுத்தத்துக்கு மேல எவ்வளவுங்கறது, அப்சல்யூட் இல்ல.

எல்லாத்துக்கும் மேல "வாலெட்ஸ்"னு ஒரு வார்த்தை. ரோலும் வாலெட்ஸ், ட்ரையர் சிலிண்டரும் வாலெட்ஸ், ஹைட்ராலிக் சிலிண்டரும் வாலெட்ஸ். முன்னாடி ஒரு அடைமொழி இருந்தா பிழைச்சீங்க, இல்லைனா படம் பாக்கணும். பேப்பரத் தாங்கிட்டு ஓடற தடிமனான துணி, ஃபெல்ட், அதுக்கு அவங்க சொல்றது "ப்ல்ஸ்டியெனெட்ஸ்", இத நான் இன்னும் ஒழுங்கா சொன்னதில்ல.

ஆள் தேடறதுக்கு: ப்ராக்ல 1990ல ஆரம்பிச்ச மொழிபெயர்ப்பாளர் சங்கம் ஒண்ணு இருக்கு, ஜேடிபின்னு சுருக்கமா சொல்வாங்க, அவங்க வெப்சைட்ல மொழி, துறை போட்டுத் தேடலாம். கோர்ட் ட்ரான்ஸ்லேட்டர் லிஸ்ட் தனியா இருக்கு, நீதி அமைச்சகம் நடத்துது, அவங்க வட்ட முத்திரை போட்டுக் குடுப்பாங்க. உங்க பர்ச்சேஸ் அக்ரிமெண்ட், சர்டிஃபிகேட் மாதிரி யாராவது முத்திரை கேட்டா மட்டும் அங்க போங்க, மேனுவலுக்கு முத்திரை தண்டம். முத்திரை போடறவருக்கு சட்டம் தெரியும், சைஸ் பிரஸ் தெரியணும்னு கட்டாயம் இல்ல.

என் நண்பர் சொன்ன வழி வேற: பார்டுபிட்ஸே யூனிவர்சிட்டில மரம், செல்லுலோஸ், பேப்பர்னு ஒரு பிரிவே இருக்கு, அங்க எழுதிக் கேட்டா ரிட்டயர்டு பேப்பர்காரங்க யாராவது சரி பாத்துத் தர முன்வருவாங்களாம். லிட்டோவெல்ல பப்செல்னு பேப்பர் மெஷின் செஞ்ச கம்பெனி, வடக்க ஸ்டேட்டில பெரிய மில்லு, ஹோஸ்டின்னேல ஒண்ணு, தெற்க வியெட்ர்ஷ்னீல ஒண்ணுன்னு இந்த நாட்டுல பேப்பர் தொழில்ல வாழ்ந்த ஊர் நெறைய, அங்கெல்லாம் வேலை பாத்துட்டு வீட்ல உக்காந்திருக்கற பெரியவங்க உண்டு. அவங்க இங்கிலீஷ் சுமாராத்தான் இருக்கும், ஆனா வார்த்தைக்கு அர்த்தம் தெரியும்.

ரேட் கேக்கும்போது கவனிங்க, இங்க பக்கக் கணக்குன்னா உங்க ஸ்கேன் பக்கம் இல்ல, "நோர்மோஸ்ட்ரானா"ன்னு 1800 எழுத்து, ஸ்பேஸும் சேத்து. படமும் டேபிளுமா இருக்கற பக்கம் கால் நோர்மோஸ்ட்ரானா கூட வராது. உங்க 640 அந்தக் கணக்குல ரொம்பக் குறையும். சாம்பிளுக்கே ஸ்கேன் பக்கத்துக்கு இவ்வளவுன்னு கேட்டா கொஞ்சம் யோசிங்க.

அப்பறம் ஃபைல் எல்லாமே செக்தானான்னு பாத்துக்குங்க. 1993க்கு முன்னாடி ஒரே நாடு, ஸ்லோவாக்ல எழுதினதும் கலந்திருக்கும். ஆர் மேல கொக்கி இருந்தா, யூ மேல குட்டி வட்டம் இருந்தா செக். ஓ மேல கூரை போட்டிருந்தா ஸ்லோவாக். செக்காரங்களுக்கு ஸ்லோவாக் புரியும், ஆனா முன்னாடியே சொல்லிடறது மரியாதை.

(சம்பந்தம் இல்லாத விஷயம், ஆனா சொல்லாம இருக்க முடியல. நம்ம தமிழ இங்கிலீஷ்ல உலகத்துக்கு எடுத்துச் சொன்ன கமில் சுவெலபில் ப்ராக் ஆளுதான். அவங்க ஊர்க்காரர் நம்ம சங்கப் பாட்டையே மொழிபெயர்த்தார், நம்மளால அவங்க ட்ரையர் மேனுவல மொழிபெயர்க்க முடியல.)

மதுர_மொழிபெயர்ப்பு:

நான் ஜெர்மன்–இங்கிலீஷ் டெக்னிக்கல் பண்றேன், செக் கெடையாது, ஆனா தொழில் ஒண்ணுதான், அதனால சொல்றேன். மேல டீப்எல் சொன்ன தம்பிய ரொம்பத் திட்டாதீங்க, நாங்களும் அதத் தொறந்து வச்சுக்கிட்டுத்தான் வேலை பாக்குறோம். என்னா, அது தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லாது. "க்ளூயிங் பிரஸ்"னு தப்பாச் சொல்லும்போது கூட சொல்றது என்னமோ கலெக்டர் மாதிரிதான். உங்களுக்கு வேண்டியது சந்தேகம் கேக்குற ஆளு.

இந்தியாவுல தேடுனா டெல்லி யூனிவர்சிட்டில செக் சொல்லிக் குடுக்குறாங்க, அங்க படிச்சவங்க இருக்காங்க, பெரும்பாலும் இலக்கியம், இன்டர்பிரட்டிங் பக்கம். பேப்பர் லைன்ல தனி ஆள் இங்க கெடைக்கறது கஷ்டம், அதனால நேரா செக் நாட்டு ஃப்ரீலான்சர்கிட்டயே போங்க. மொழிபெயர்ப்பாளருங்க இருக்குற ப்ரோஸ்.காம் சைட்ல செக்–இங்கிலீஷ் போட்டு, துறைல பேப்பர் தயாரிப்புன்னு ஒரு பிரிவு இருக்கும் அதப் போட்டுப் பாருங்க. கம்மியான ஆளுதான் வரும். அவங்க ஏற்கனவே பதில் சொன்ன கலைச்சொல் கேள்விங்க அங்கயே தெரியும், அதப் படிச்சாலே ஆள் யாருன்னு புரிஞ்சுரும். இங்கிலீஷ் தாய்மொழிக்காரந்தான் வேணும்னு சிலர் பிடிவாதம் புடிப்பாங்க, கதை கட்டுரைக்கு சரி, உங்க ஃபோர்மேனுக்கு ஷேக்ஸ்பியரா வேணும்? மெஷின் தெரிஞ்ச செக்காரன் எழுதுற சுமாரான இங்கிலீஷே போதும்.

ஏஜென்சிக்குப் போனா ஐஎஸ்ஓ 17100 இருக்கான்னு கேளுங்க. அதுல முக்கியமானது, ஒருத்தர் செஞ்சத இன்னொருத்தர் மூலத்தோட வச்சு சரி பாத்தே ஆகணும். ரெண்டாவது ஆள் யாருன்னு கேளுங்க. மழுப்புனா வேண்டாம்.

இப்ப ஒரு இலவச சமாச்சாரம். ஐரோப்பிய யூனியன் 2014ல பேப்பர், பல்ப்பு, போர்டு தயாரிப்புக்கு பொல்யூஷன் சம்பந்தமா ஒரு முடிவு போட்டுச்சு, நம்பர் 2014/687. அவங்க சட்ட சைட் யூர்லெக்ஸ்ல அது யூனியனோட கிட்டத்தட்ட எல்லா மொழிலயும் இருக்கு, செக்கையும் இங்கிலீஷையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம். பல்ப்பிங், ப்ளீச்சிங், ஃபைபர், கோட்டிங்னு நெறைய வார்த்தை அதுலயே ஜோடியாக் கெடைச்சுரும். இங்கிலீஷ் பக்கத்துக்கு ஐஎஸ்ஓ 4046, பேப்பர் சொற்களுக்கே ஆன ஸ்டாண்டர்டு. மெஷின் பார்ட் பேரு இதுல எல்லாம் வராது, அத நீங்கதான் குடுக்கணும். எப்படின்னா, உங்க ஃபோர்மேனக் கூட்டிட்டுப் போயி ஷெட்ல கெடக்குற ஒவ்வொரு பார்ட்டையும் போட்டோ எடுத்து, ட்ராயிங்ல அதோட நம்பர எழுதி, உங்க மில்லுல அதுக்கு என்ன பேர் சொல்றீங்களோ அத இங்கிலீஷ்ல எழுதி அனுப்புங்க. அம்பது வரி போதும். எங்களுக்கு அது தங்கம். கிளையண்ட் யாரும் குடுக்க மாட்டாங்க, அப்பறம் ஃபெல்ட்ட தொப்பித்துணின்னு எழுதிட்டான்னு கோவப்படுவாங்க.

டெஸ்ட்டுக்கு: ஒரே ஒரு பக்கம், காசு குடுத்து (ஓசில கேக்காதீங்க, நல்ல ஆள் வர மாட்டான்), மூணு பேருக்கு அனுப்புங்க. பிர்னோக்காரர் சொன்ன அந்த வாலெட்ஸ் நாலு தடவை வர்ற பக்கமாப் பாத்து எடுங்க. ட்ராயிங்க வேணும்னே அனுப்பாதீங்க. யாரு ட்ராயிங் கேக்குறாங்கன்னு பாருங்க.

சும்மா_எட்டிப்பாத்தேன்:

சரி சரி, தோத்துட்டேன். ஆனா ஸ்கேன டெக்ஸ்ட்டா மாத்தும்போது லாங்வேஜ் செக்குன்னு செலக்ட் பண்ணுங்க ப்ரோ, இங்கிலீஷ்லயே விட்டா கொக்கி வட்டம் எல்லாம் போயிடும், அதுக்கு மேல எவன் மொழிபெயர்த்தாலும் குப்பைதான். இதாவது உதவும்.

பழைய_ஷிஃப்ட்_இன்சார்ஜ்:

இது உருப்படியான யோசனை தம்பி. நம்பர் இருக்கற டேபிள மட்டும் டெக்ஸ்ட்டாக்காம படமாவே அனுப்பச் சொல்லுங்க, கமா பத்திரமா இருக்கட்டும்.

உடுமலை_க்ராஃப்ட்:

மூணு வாரம் ஆச்சு, மன்னிக்கணுங்க, வேலை. சொன்ன மாதிரியே பண்ணினேன். ஐயா சொன்னபடி பிரிச்சதுல 210 பக்கம்தான் மிஞ்சுச்சு. பாஸ்போர்ட்டு பதினெட்டு, சிலிண்டரு பதினெட்டு, சுரண்டிப் பாத்ததுல பதினேழுக்கு நம்பர் ஒத்துப்போச்சு. ஒண்ணுக்கு ஒத்துப்போகல, அந்த சிலிண்டர தனியா உருட்டி வச்சாச்சு.

சைஸ் பிரஸ் பக்கம் ஒண்ண மூணு பேருக்கு அனுப்பினேன். ஒருத்தரு மறுநாளே அனுப்பிட்டாரு, படிக்க அழகா இருக்கு, வாலெட்ஸ் வந்த எல்லா எடத்துலயும் ரோல்னு போட்டிருக்காரு, "ரோல் விட்டம் 160 மிமீ" உட்பட. இன்னொருத்தரு எல்லாத்துக்கும் சிலிண்டர். மூணாவது ஒரு அம்மா, ஓலோமோட்ஸ் பக்கமாம், பக்கத்தை அனுப்பவே இல்ல, அஞ்சு கேள்வி அனுப்பினாங்க. ரெண்டாவது கேள்வியே, மூணாவது பாராவுல 160 மிமீ விட்டம்னு வர்றது ரோலா இல்ல ரோல அழுத்தற ஏர் சிலிண்டரா, ட்ராயிங் அனுப்பவும், எனக்கு ஏர் சிலிண்டர்னு படுது ஏன்னா அடுத்த வரில சீல் பத்தி வருதுன்னு. ஃபோர்மேன் அதப் படிச்சுட்டு, இந்த அம்மாவ மில்லுக்கே கூட்டிட்டு வந்துரலாங்கறாரு.

அவங்களுக்கே வேலை குடுத்தாச்சு. நோர்மோஸ்ட்ரானா கணக்குலதான் கேட்டாங்க, கூட்டிப் பாத்தா அந்த ஏஜென்சி சொன்னதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. பாஸ்போர்ட் மொதல்ல, சைஸ் பிரஸ் அடுத்து. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலதான் பதில் வரும், அவங்க ஊர்ல அப்பதான் காலைல வேலை ஆரம்பிக்குது, அதனால ஃபோர்மேன் சந்தேகத்தையெல்லாம் காலைலயே எழுதி வச்சிருவாரு.

பிர்னோ அண்ணா, ஒரு பாக்ஸ்ல ஓ மேல கூரை இருக்குங்க. ஸ்லோவாக்தான். அம்மாகிட்ட சொன்னேன், படிப்பேன், ஆனா எழுத்து புரியாத எடத்துல கேப்பேன்னாங்க.

பழைய_ஷிஃப்ட்_இன்சார்ஜ்:

நல்லது. 160ன்னா ஏர் சிலிண்டர்தான், சைஸ் பிரஸ் ரோல் அவ்வளவு ஒல்லியா எவனும் போட மாட்டான். சீல் கிட்டுக்கு செக்குக்கெல்லாம் எழுத வேண்டாம், 160 ஸ்டாண்டர்டு சைஸு, கோயமுத்தூர்லயே கெடைக்கும், பழசக் கையோட கொண்டுபோங்க. அந்தப் பதினெட்டாவது சிலிண்டர பாஸ்போர்ட் இல்லாம யாரு சொன்னாலும் ஏத்தாதீங்க.